நூலகத்துக்குள் பதின்பருவத்தினர்: புத்தகம் ஏன் கடைசியாக வருகிறது?

பொது நூலகங்கள் பற்றி வரும் செய்திகள் ஆளை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஓரிடத்தில் பதின்பருவத்தினருக்கென்று ஒலிப்பதிவு அறை, வீடியோ கேம், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் வைத்துத் தனித் தளமே திறக்கிறார்கள். இன்னோரிடத்தில், பள்ளி விட்டபிறகு பெரியவர் துணையில்லாமல் வரும் மாணவர்களுக்கு அனுமதி கிடையாது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். படிப்பவர் குழம்புவது நியாயம்தான். நூலகத்துக்கு இவர்கள் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் புத்தகத்தைக் காட்டி அழைக்காமல் விளையாட்டைக் காட்டி அழைப்பானேன்?

இரண்டு செய்திக்கும் வேர் ஒன்றுதான். குழந்தைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நூலகங்களுக்குத் தெரியும்: கதை சொல்லலாம், படம் வரையவிடலாம், வண்ணப் பாய் விரிக்கலாம். பெரியவர்களுக்கு அலமாரியும் அமைதியும் போதும். நடுவிலிருக்கும் ஆறேழு வருடங்களுக்குத்தான் பெரும்பாலான இடங்களில் எந்த ஏற்பாடும் இல்லை. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லா, இளையோர் சேவைக்கென்று தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதில் இந்தப் பருவத்தை ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை என்று கொள்கிறார்கள். அந்தந்தச் சமூகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆறு வருடம்தானே என்று தோன்றும். ஆனால் 13 வயதுப் பிள்ளை இன்னும் ஒரு காலைக் குழந்தைகள் பிரிவில் வைத்திருக்கிறது. 17 வயதுக்காரருக்கோ தேர்வு, வேலை, காதல் என்று தலை நிறைய விஷயம். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் பெரியவர் அந்தப் பக்கமே வரமாட்டார். சின்னவர் பெரியவரைக் கண்டு ஒதுங்குவார்.

இது செல்போன் காலத்தில் முளைத்த கவலையும் கிடையாது. நியூயார்க் பொது நூலகம் 1919-லேயே மேபல் வில்லியம்ஸ் என்பவரைப் பள்ளிகளோடும் இளையோரோடும் வேலைசெய்ய நியமித்தது. கிளீவ்லாந்து பொது நூலகம் 1925-ல் இளையோருக்குத் தனி அறை திறந்தது. 1941-ல் நியூயார்க்கில் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் மட்டுமேயான ஒரு கிளை நூலகம் வந்தது. பால்டிமோர் நகரின் ஈனக் பிராட் நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் 1930-களில் தொடங்கி இளையோர் பிரிவைக் கட்டியெழுப்பினார். 1940-களில் குதிரை பூட்டிய வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அமெரிக்க நூலகச் சங்கத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு 1957-ல் உருவானது. அந்தச் சங்கத்தின் நூலக உரிமைச் சாசனத்தில் 1967-ல் 'வயது' என்ற சொல்லும் சேர்ந்தது. அதாவது, வயதைக் காரணம் காட்டி ஒருவருடைய நூலக உரிமையை மறுக்கக் கூடாது.

நூறு வருட அனுபவம் இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. அப்புறமும் ஏன் தடுமாற்றம்?

## வராதவர்களும், வந்து சத்தம் போடுபவர்களும்

'பசங்க நூலகத்துப் பக்கமே வருவதில்லை' என்பது ஒரு புகார். 'பசங்க வந்து ஒரே ரகளை' என்பது இன்னொரு புகார். இரண்டையும் ஒரே நூலகம் ஒரே கூட்டத்தில் சொல்வதும் உண்டு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மேப்பிள்வுட் என்ற ஊரில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். அங்கே பள்ளி விட்டதும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் கூட்டமாக நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். சத்தம், சண்டை, சேதம். ஊழியர்கள் பொறுத்துப் பார்த்துக் களைத்துப்போனார்கள். 2007 ஜனவரி முதல் வார நாட்களில் பிற்பகல் 2.45 மணியிலிருந்து 5 மணிவரை நூலகத்தை எல்லோருக்குமே மூடிவிடுவது என்று நிர்வாகக் குழு அறிவித்தது. செய்தி நாடு முழுக்கப் பரவியது. எதிர்ப்பு கிளம்பவே முடிவைக் கைவிட்டார்கள்.

ஊழியர்கள் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அந்த நேரத்தில் பள்ளி முடிந்துவிட்டது, வீட்டில் ஆள் இல்லை, காசு கேட்காமல் உள்ளே விடும் கூரையுள்ள இடம் ஊரில் இது ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளைக் கவனிக்கவென்று ஆளோ அறையோ ஒதுக்காமல், அமைதியாகப் படிக்கும் பெரியவர்களுக்காக வடிவமைத்த கூடத்திலேயே அவர்களையும் அடைத்தால் ரகளை வராமல் என்ன செய்யும்?

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஊரில் யாரும் அவர்களை அழைத்துவர வேண்டியிருக்கவில்லை. தினமும் தாங்களாகவே வந்தார்கள். இளையோரை ஈர்க்க விளம்பரம் தேடும் நூலகங்கள் பல, ஏற்கெனவே வாசலில் நிற்பவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

## அந்த வயதில் என்ன நடக்கிறது?

உளவியல் முழுவதும் இங்கே தேவையில்லை. நூலகத்தின் அன்றாட வேலையைப் பாதிப்பவை மூன்று.

1. தூக்கக் கடிகாரம் தள்ளிப்போகிறது. பருவமடையும் காலத்தில், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் உடலில் சுரக்கும் நேரம் இரவில் பின்னுக்குப் போகிறது. இரவு விழிப்பும் காலைச் சோம்பலும் வெறும் கெட்ட பழக்கம் மட்டும் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 'இளையோர் வாசிப்பு வட்டம்' வைத்துவிட்டு நாற்காலிகளைப் பார்த்து நொந்துகொள்ளும் நூலகம், முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

2. நண்பர்கள் பார்க்கும்போது ஆள் மாறுகிறார். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் ஒரு கணினி விளையாட்டைத் தனியாக ஆடும்போதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது பதின்பருவத்தினர் அதிகம் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தனியாக வந்தால் மரியாதையாகப் பேசும் அதே பையன் நான்கு பேரோடு வந்தால் மேசைமேல் ஏறுவது இதனால்தான். கூட்டத்தின் நடுவில் வைத்துத் திட்டினால் நிலைமை மோசமாகும். ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

3. தன் முடிவைத் தானே எடுக்கும் ஆசை. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஒருவருக்கு ஒரு காரியத்தில் மனம் ஒட்டுவதற்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தானே தேர்ந்தெடுத்த உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. பள்ளியின் நாளில் முதலாவது மிகக் குறைவு. மதிப்பெண் போடாத நூலகம் அதைத் தர முடியும். ஆனால் பல நூலகங்கள் வாசிப்புப் போட்டி, அறிக்கைத் தாள், சான்றிதழ் என்று இன்னொரு பள்ளியாகவே நடந்துகொள்கின்றன.

## வரிசை முக்கியம்: இடம், ஆள், அதிகாரம், புத்தகம்

வழக்கமாக நூலகங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் இளையோர் நூல்களை வாங்கி அடுக்குகிறார்கள். யாரும் எடுப்பதில்லை. அப்புறம் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், நிகழ்ச்சி நடத்துகிறார்கள், கடைசியில் 'இந்தத் தலைமுறை படிக்காது' என்று முடிவுகட்டுகிறார்கள். வேலை நடக்கும் வரிசை வேறு.

1. இடம்

வீடும் பணியிடமும் தவிர மனிதர்கள் சும்மா வந்து உட்கார்ந்து பேசும் பொது இடங்களை 'மூன்றாவது இடம்' என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் வெளியிட்ட நூலில் அழைத்தார். பெரியவர்கள் காசு கொடுத்து இப்படி ஓர் இடத்தை வாங்கிக்கொள்ள முடியும். பதின்பருவத்தினரிடம் காசும் இல்லை, வண்டியும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து நின்றாலே 'இங்கே என்ன வேலை' என்று கேட்கிறார்கள்.

நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2016-ல் திறந்த பிப்லோ டோயென் நூலகம் 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமானது. பெற்றோருக்குக்கூட உள்ளே இடமில்லை. பனிச்சறுக்கு மலைகளில் ஓடும் தொங்கு கூண்டை உட்காரும் இடமாக்கினார்கள். பழைய லாரி ஒன்றைச் சமையலறையாக்கினார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 10 முதல் 13 வயது வரையிலானவர்களுக்கென்று டியோ ட்ரெட்டன் 2011-லேயே திறந்துவிட்டது. அங்கேயும் பெரியவர்கள் வெளியேதான். முதலில் கேட்கும்போது இது விபரீதமாகத் தெரியும். ஆனால் குழந்தைகள் பிரிவில் பன்னிரண்டு வயதுப் பையனை விடாத விதி எத்தனை நூலகங்களில் சத்தமில்லாமல் இருக்கிறது என்று எண்ணினால் விபரீதம் குறைந்துவிடும்.

சிகாகோவின் ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009-ல் திறந்த யூமீடியா என்ற இளையோர் பகுதி இன்னொரு வழியைக் காட்டியது. மானுடவியலாளர் மிசுகோ இடோவின் குழு, இளையோர் டிஜிட்டல் உலகில் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று நிலைகளைச் சொல்லியிருந்தது. சும்மா சேர்ந்து இருப்பது, கைவைத்து நோண்டிப் பார்ப்பது, ஒன்றில் முழுதாக மூழ்கிப்போவது. யூமீடியா தன் தளத்தை இந்த மூன்றுக்கும் ஏற்றவாறு பிரித்தது. சோபாவில் சாய்ந்து கிடப்பவர், பக்கத்தில் ஒருவர் தாளம் அமைப்பதைப் பார்க்கிறார். சில நாளில் தானும் கருவியைத் தொடுகிறார். ஒரு கட்டத்தில் ஒலிப்பதிவு அறைக்கு நேரம் கேட்டு வரிசையில் நிற்கிறார். அங்கே திறந்த மேடையில் பாடிப் பழகியவர்களில் பின்னாளில் கிராமி விருது வாங்கிய சான்ஸ் த ராப்பரும் ஒருவர். எல்லோரும் அப்படி ஆகப்போவதில்லை. ஆனால் முதல் நிலையை 'வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான்' என்று விரட்டினால் மூன்றாவது நிலை வரவே வராது.

இவ்வளவு செலவு எல்லா நூலகத்தாலும் முடியாது, முடியவும் தேவையில்லை. குழந்தைகள் பிரிவிலிருந்து தள்ளி ஒரு மூலை, நான்கு பேர் எதிரெதிரே உட்காரும் மேசை, செல்போன் சார்ஜ் செய்ய வசதி, பேசலாம் என்ற அனுமதி. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பேச்சுச் சத்தம் வாசிப்பறைக்குப் போகாத தூரத்தில் அந்த மூலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே புகார் வந்து, மூலை பழையபடி நாளிதழ்ப் பகுதியாகிவிடும்.

2. ஆள்

இடம் இருந்தும் ஆள் இல்லையென்றால் மேப்பிள்வுட் கதைதான். இளையோர் வளர்ச்சி பற்றி ஆராயும் சர்ச் இன்ஸ்டிட்யூட் (Search Institute) என்ற அமைப்பு, ஓர் இளைஞர் நல்லபடி வளர உதவும் 40 பலங்களைப் பட்டியலிட்டது. பெற்றோர் அல்லாத மூன்று பெரியவர்களாவது ஆதரவாக இருப்பது அதில் ஒன்று. நூலகர் அந்த மூவரில் ஒருவராக முடியும். அதற்கு அவர் தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சுழற்சி முறையில் நாளுக்கொரு ஆளை அனுப்பினால் யாரோடும் உறவு வளராது.

எப்படிப்பட்ட ஆள்? பசங்கள் மாதிரியே பேச முயல்பவர் வேண்டாம். அந்தப் போலித்தனம் அவர்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். விதிகளைத் தெளிவாகச் சொல்லி, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தி, நேற்று வெளியே அனுப்பியவரை இன்று சிரித்து வரவேற்கத் தெரிந்தவர் போதும். சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. பணி நியமனங்களில் இதைப் பார்த்து யாரும் ஆள் எடுப்பதில்லை.

3. அதிகாரம்

பெரும்பாலான நூலகங்கள் சறுக்கும் படி இதுதான். 'இளையோர் ஆலோசனைக் குழு' என்று ஒன்றை அமைக்கிறார்கள். மாதம் ஒருமுறை கூட்டம், குழுப் படம், செய்திக் குறிப்பு. குழு சொன்னது எதுவும் நடக்காது. நான்காவது மாதம் யாரும் வரமாட்டார்கள்.

இதை அளந்து பார்க்க ஒரு கருவி உண்டு. ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதிய 'பங்கேற்பு ஏணி'யில் எட்டுப் படிகள் இருக்கின்றன. கீழே உள்ள மூன்றைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது. நான்காம் படியில் பெரியவர்கள் வேலையைக் கொடுக்கிறார்கள், ஆனால் ஏன் எதற்கு என்று விளக்குகிறார்கள். ஐந்தில் கருத்துக் கேட்கிறார்கள், அது என்ன ஆயிற்று என்றும் சொல்கிறார்கள். ஆறில் பெரியவர்கள் தொடங்கியதை இருவருமாகச் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். ஏழும் எட்டும் பிள்ளைகளே தொடங்குபவை. எட்டில் முடிவெடுக்கப் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எல்லா நூலகமும் எட்டாம் படிக்கு ஏற வேண்டும் என்று கிடையாது. மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்தாலே பெரிய மாற்றம். அதற்கு வேண்டியது ஒரு சின்னத் தொகையும் ஒரு வாக்குறுதியும். புத்தகம் வாங்கும் நிதியில் ஒரு பங்கை அவர்கள் முடிவுக்கு விட்டுவிடுவது. அவர்கள் கேட்டு மறுக்கப்பட்டது எது, ஏன் என்பதை அடுத்த கூட்டத்தில் நேரடியாகச் சொல்வது. 'அதற்குப் பணம் இல்லை' என்ற பதிலை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் ஏற்கமாட்டார்கள்.

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புப் பெறவும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு உரிமை தருகிறது. 1989-ல் ஏற்கப்பட்ட உடன்படிக்கை அது. ஆக, நூலகம் இங்கே சலுகை எதையும் தந்துவிடவில்லை.

4. புத்தகம்

இந்த மூன்றும் இருக்கும் இடத்தில்தான் புத்தகம் பேசத் தொடங்கும். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு பல நாட்டு மாணவர்களின் திறனை அளக்க நடத்தும் பிசா ஆய்வில், 2018-ல், வேறு வழியில்லாவிட்டால்தான் படிப்பேன் என்று 15 வயது மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். அந்தப் பாதியினரிடம் சிறந்த நூல்களின் பட்டியலை நீட்டிப் பயனில்லை.

ஒரு பெண் அலமாரி முன்னால் நிற்கிறாள். 'உனக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?' என்று கேட்டால் 'தெரியாது' என்பாள். உண்மையிலேயே தெரியாது. 'கடைசியாக நிறுத்தாமல் பார்த்த தொடர் எது?' என்று கேட்டுப்பாருங்கள். பெயர் வரும், கூடவே கதையும் வரும், அந்த வில்லன் ஏன் பாவம் என்ற வாதமும் வரும். அவளுக்குத் துப்பறியும் முடிச்சு வேண்டுமா, உறவுச் சிக்கல் வேண்டுமா, வேறோர் உலகம் வேண்டுமா என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மார்கரெட் எட்வர்ட்ஸ் தன்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களை நூற்றுக்கணக்கான நூல்களைப் படித்துவிட்டு வந்து பேசவைத்ததும் இதற்காகத்தான். படிக்காத நூலகரால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

அலமாரி விஷயத்தில் சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. முதுகு காட்டி அடுக்கியவற்றைவிட அட்டை தெரிய வைத்தவை கைக்குப் போகும். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளிலும் மற்றப் படக்கதைத் தொடர்களிலும் ஏழாம் தொகுதி தொலைந்தால் எட்டிலிருந்து கடைசிவரை அத்தனையும் செத்தமாதிரிதான். தொலைந்த தொகுதியை உடனே வாங்கிப் போடுவது புதுத் தொடர் வாங்குவதைவிட முக்கியம். படக்கதை படிப்பதும் படிப்புதான் என்பதை இன்னும் நிரூபிக்க வேண்டியிருப்பது சலிப்பாக இருக்கிறது. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதில், வாசகரின் வயதையோ நூலின் தரத்தையோ பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

## வாசலிலேயே தடுப்பவை

14 வயதுப் பையன் ஒருவன் நூலக அட்டையோடு கவுண்டருக்கு வருகிறான். கணினியில் சிவப்பு வரி தெரிகிறது. ஏழு வயதில் அம்மா எடுத்துக்கொடுத்த படப் புத்தகம் ஒன்று திரும்பவில்லை. அபராதம் ஏறி நிற்கிறது. கட்டினால்தான் புத்தகம் தர முடியும் என்கிறார் ஊழியர். பின்னால் நண்பர்கள் நிற்கிறார்கள். 'சரி, பரவாயில்லை' என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். வீட்டில் சொல்லமாட்டான், திரும்பியும் வரமாட்டான். நூலகத்தின் பதிவேட்டில் இதெல்லாம் எங்கேயும் ஏறாது.

சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தை ரத்துசெய்தது. அப்போது அங்கே முடக்கப்பட்டிருந்த அட்டைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 14 வயதுக்குக் குறைந்தவர்களுடையது. 2021 அக்டோபரில் நியூயார்க் நகரின் மூன்று நூலக அமைப்புகளும் அதே வழிக்கு வந்தன. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரத்தானது தாமதத்துக்கான அபராதம். தொலைந்த புத்தகத்துக்கான விலையைக் கேட்பது பொதுவாகத் தொடர்கிறது. அதற்கும் சேர்த்து வழிசெய்தால்தான் மேலே சொன்ன பையன் திரும்புவான்.

அட்டை வாங்குவதே இன்னொரு தடை. பெற்றோர் கையெழுத்து, முகவரிச் சான்று, அடையாள அட்டை என்று கேட்டால், வீட்டில் நிலைமை சரியில்லாத பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். பெற்றோர் கையெழுத்து இல்லாமலே, ஒரு நேரத்தில் ஓரிரு புத்தகம் மட்டும் எடுக்கும் அட்டை ஒன்றைத் தரலாம். புரூக்ளின் பொது நூலகம் 2022-ல் இன்னும் ஒருபடி மேலே போய், அமெரிக்காவின் எந்த ஊரில் இருந்தாலும் 13 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கு இலவச மின்னூல் அட்டை தந்தது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் புத்தகங்களை விலக்கும் அலை எழுந்த நேரம் அது.

## ரகசியமும் பாதுகாப்பும்

சில கேள்விகளை அந்த வயதில் யாரிடமும் கேட்க முடியாது. அதற்குத்தான் சில நூலகங்கள் ஒரு சுவரொட்டி வைத்திருக்கின்றன: இடப்பக்கம் விஷயம், வலப்பக்கம் வகைப்பாட்டு எண். போதைப் பழக்கம் 362.29. தற்கொலை எண்ணம் 362.28. உணவுக் கோளாறு 616.8526. பெற்றோர் பிரிவு 306.89. யாரிடமும் வாய் திறக்காமல் எண்ணைப் பார்த்துக்கொண்டு நேரே அலமாரிக்குப் போகலாம். சுவரொட்டி கவுண்டருக்கு எதிரே இருந்தால் பயனில்லை, கழிவறைக் கதவின் உள்பக்கம் நல்ல இடம். அந்த நூல்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே படித்து வைக்கப்படும் என்பதால் இரவல் கணக்கில் 'யாரும் எடுக்காத நூல்' என்று தெரியும். கணக்கை மட்டும் பார்த்து அவற்றைக் கழித்துவிடும் ஆபத்து உண்டு.

ரகசியம் காப்பது வேறு, ஆபத்தைக் கண்டும் காணாமல் இருப்பது வேறு. பிள்ளை என்ன புத்தகம் எடுத்தது என்று பெற்றோரிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. விதியை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஊழியர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறைக்குக் கண்ணாடிச் சுவர் இருக்கட்டும். ஊழியர் எவரும் தன் சொந்தக் கணக்கிலிருந்து சிறுவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. இதெல்லாம் அவநம்பிக்கை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகளுக்கும் ஊழியருக்கும் சேர்த்தே இது காப்பு.

## கேம் எதற்கு?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். வீடியோ கேம் வைத்தால் பிள்ளைகள் வருவார்களா? வருவார்கள். கேம் ஆடவந்தவர் தானாகப் புத்தகத்துக்குத் தாவிவிடுவாரா? அப்படி எதிர்பார்ப்பது மீனுக்குத் தூண்டில் போடும் கணக்கு. பிள்ளைகளுக்கும் அது புரிந்துவிடும். கேமின் உண்மையான பயன் வேறு. முதல்முறை வரும் கூச்சக்காரருக்கு அது கையை வைத்துக்கொள்ள ஓர் இடம். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு சாக்கு. நூலகர் அந்தப் பேச்சில் கலந்துகொண்டால், மேலே சொன்ன வரிசையில் இரண்டாவதான 'ஆள்' என்ற படிக்கு வந்தாயிற்று. கருவியை வைத்துவிட்டு ஊழியர் கவுண்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால், அது விளையாட்டுக் கடைதான், விமர்சகர்கள் சொல்வது சரி.

முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கும் இதே கதை. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் மேலே உறை போட்டுவிடுவார்கள்.

## எதை எண்ணுவது?

நூலகங்களின் நிதி எண்களைப் பார்த்து வருகிறது. இரவல் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால், தினமும் வந்து மூன்று மணிநேரம் இருந்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகும் மாணவி கணக்கில் பூஜ்யம். ஆறு பேர் வந்த எழுத்துப் பட்டறையைவிட அறுபது பேர் வந்த திரையிடல் பெரிய வெற்றியாகத் தெரியும். அந்த ஆறு பேரும் எட்டு வாரம் தவறாமல் வந்திருந்தால்?

எண்ண வேண்டியவை சில:

1. ஒருமுறை வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்.
2. இளையோர் முன்வைத்த யோசனைகளில் எத்தனை நிறைவேறின.
3. அவர்களே நடத்திய நிகழ்ச்சிகள் எத்தனை.
4. ஓர் ஊழியரின் பெயராவது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பது. நான்கிலும் இது மலிவானது, நிறையச் சொல்வதும் இதுதான்.

இன்னொரு கணக்கையும் நிர்வாகம் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல இளையோர் குழு ஒன்று உருவாக இரண்டு வருடம் ஆகும். அது சூடுபிடிக்கும்போது மூத்தவர்கள் பள்ளி முடித்துப் போய்விடுவார்கள், கூட்டம் மெலியும். 'திட்டம் தோற்றுவிட்டது' என்று அந்த நேரத்தில் நிதியை வெட்டுவார்கள். இது இந்த வயதின் இயல்பு. 13 வயதுக்காரர்களை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே இருந்தால் தொடர்ச்சி அறாது. மூத்தவர் இளையவருக்கு வேலையைக் கைமாற்றிவிட்டுப் போக, கடைசி ஆண்டில் ஒரு பொறுப்பையும் கொடுக்கலாம்.

## கையில் காசில்லாத நூலகம் எங்கே தொடங்குவது?

முதல் வாரத்தில் கட்டடம், கருவி எதுவும் வேண்டாம். பள்ளி விட்டபின் இரண்டு மணிநேரம் யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எதற்காக வெளியே அனுப்பப்படுகிறார்கள் என்று ஓர் ஊழியர் குறித்துவைக்கட்டும். அடுத்து, அந்த நேரத்துக்கு ஒரே ஆளை நிரந்தரமாகப் போடுவது. அப்புறம் அறிவிப்புப் பலகைகள்: 'பேசாதே', 'சாப்பிடாதே', 'கூட்டம் சேராதே' என்று இருப்பவற்றில் எது உண்மையிலேயே தேவை என்று அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, மிச்சத்தைக் கழற்றுவது. விதிகளைத் தாங்களே எழுதினால் மீறும் நண்பரை அவர்களே அடக்குவார்கள், எப்போதும் இல்லை, பல நேரம்.

அபராத ரத்துக்கும் கையெழுத்தில்லா அட்டைக்கும் நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை, முடங்கிய அட்டையோடு வரும் பிள்ளைக்கு அங்கேயே உட்கார்ந்து படிக்கப் புத்தகம் தரலாம், பாதியில் விட்ட பக்கத்தில் பெயரெழுதிய துண்டுச்சீட்டு வைத்து மறுநாள்வரை எடுத்துவைக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.